யார் கையில் விழும்?

1960ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், இலண்டன் மாநகரின் ஓல்டு பெய்லி நீதிமன்றம். கொலைகாரரும் கொள்ளைக்காரரும் நின்று பழகிய கூண்டு அன்று வெறுமையாய் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டதோ ஒரு பதிப்பகம். அது செய்த குற்றம், ஒரு நாவலை மூன்றரை ஷில்லிங் விலைக்கு விற்க முற்பட்டது! நாவலின் பெயர் 'சாட்டர்லி சீமாட்டியின் காதலன்'. அதை எழுதிய டி. எச். லாரன்ஸ் கண் மூடி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் மெர்வின் கிரிஃபித் ஜோன்ஸ் எழுந்தார். ஜூரிகளைப் பார்த்தார். இப்புத்தகம் உங்கள் வீட்டில் கிடக்க விடுவீர்களா, உங்கள் மனைவி இதைப் படிக்க விரும்புவீர்களா, உங்கள் வேலைக்காரர் படிக்க விரும்புவீர்களா என்ற பொருள்படக் கேட்டார். கேட்டவர் கண்முன் அமர்ந்திருந்த ஜூரிகள் பன்னிருவரில் மூவர் பெண்கள்! அவர்களிடம் போய், "உம் மனைவி படிக்கலாமா" என்று கேட்கிறோமே என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. அப்பன்னிருவரில் எத்தனை பேர் வீட்டில் வேலைக்காரர் இருந்திருப்பர் என்றும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை. படிப்பது என்றால் வீட்டுத் தலைவன் படிப்பது. மற்றவர்கள் அவன் விட்டால் படிப்பவர்கள். அந்த உலகில் பிறந்து, அந்த உலகில் வளர்ந்து, அந்த உலகம் மறைந்து வருவதைக் காணாமலே வழக்காட வந்தவர் அவர்.

அக்கேள்வியை இன்றும் எடுத்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு உரியதுதான். ஆனால், அது ஒரு தனி மனிதரின் தடுமாற்றம் என்று தள்ளிவிடுவது தவறு. அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறாண்டுப் பழமை கொண்ட சட்டம் ஒன்று நின்றது.

1868ஆம் ஆண்டில் ஹிக்ளின் வழக்கு என்று ஒன்று நடந்தது. ரோமன் கத்தோலிக்கக் குருமார் பாவமன்னிப்புக் கூண்டில் பெண்களிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டிக் கண்டித்த ஒரு சிறு வெளியீடு அவ்வழக்கில் சிக்கியது. குருமாரின் கேள்விகள் ஆபாசமாக இருந்தன என்று சொன்ன வெளியீடே ஆபாசம் என்று அழிக்கப்பட்டது. கேட்ட குருமாருக்கு ஒன்றும் இல்லை! அது போகட்டும். அந்தத் தீர்ப்பில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த அளவுகோல்தான் நமக்கு வேண்டியது. எவர் உள்ளம் எளிதில் கெடக்கூடியதோ, அவர் கையில் இந்நூல் விழுந்தால் அவரைக் கெடுக்குமா? இதுவே அளவுகோல். நூலில் என்ன இருக்கிறது என்பதைவிட, அது யார் கையில் விழும் என்பதே சட்டத்தின் கவலை. எளிதில் கெடக்கூடியவர் யார் என்று கேட்டால், சட்டம் படித்த சீமான்கள் தங்களைச் சொல்லிக் கொள்வார்களா? பெண்கள், இளைஞர்கள், உழைப்பாளிகள், இவர்களே அந்தப் பட்டியலில் இருந்தனர்.

விலையும் இந்தக் கணக்கிலே சேர்ந்ததுதான். 1928ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சிட ஆளில்லாமல் லாரன்ஸ் இந்நாவலை இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அச்சிட்டார். அச்சுக் கோத்தவர்களுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆதலால் அவர்கள் கெட்டுப் போகவும் வழியில்லை! அச்சிட்ட படிகள் ஆயிரம். விலை இரண்டு பவுன். இரண்டு பவுன் கொடுத்து வாங்கக்கூடியவன் வாங்கினான், படித்தான், பூட்டி வைத்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்று, அதே நூல் ஒரு சிகரெட்டுப் பெட்டி வாங்கும் காசுக்கு ரயிலடிக் கடையில் கிடைக்கும் என்றபோதுதான் அரசு விழித்தது.

அப்படி அந்நூலில் என்னதான் இருக்கிறது?

ராக்பி என்னும் மாளிகையின் சீமான் கிளிஃபோர்ட் சாட்டர்லி. நிலக்கரிச் சுரங்க முதலாளி. முதல் உலகப் போரில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலியில் வாழ்கிறான். மனைவி கான்ஸ்டன்ஸ், அந்த மாளிகையின் குளிரில் நாளுக்கு நாள் மெலிகிறாள். மாளிகைக்குச் சொந்தமான காட்டில் காவலன் ஒருவன், பெயர் மெல்லர்ஸ். சுரங்கத் தொழிலாளர் வழியில் வந்தவன். படையில் சேர்ந்து, இந்தியாவில் இருந்து, அதிகாரியாகவும் உயர்ந்து, அந்த உயர்வு வேண்டாம் என்று உதறிவிட்டுக் காட்டுக் குடிசைக்குத் திரும்பியவன். சீமாட்டிக்கும் காவலனுக்கும் காதல் பிறக்கிறது. அக்காதலின் உடல் வாழ்வை லாரன்ஸ் மறைக்காமல் எழுதினார்; தெருவில் எல்லோரும் பேசி, ஏட்டில் எவரும் எழுதாத சொற்களையும் எழுதினார். அரசு வழக்கறிஞர் அச்சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி, எது எத்தனை முறை வருகிறது என்று நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தார்.

அவர் எண்ணாமல் விட்ட ஓர் இடம் உண்டு. கிளிஃபோர்டே தன் மனைவியிடம், நீ வேறொருவன் மூலம் ஒரு பிள்ளை பெற்றுக் கொண்டாலும் எனக்குத் தடையில்லை, ராக்பிக்கு ஒரு வாரிசு வேண்டும் என்கிறான். அந்த வேறொருவன் தகுந்தவனாக இருப்பான் என்பது அவன் நம்பிக்கை. கற்பு எங்கே போயிற்று? திருமணத்தின் புனிதம் எங்கே போயிற்று? ஒன்றும் காணோம்! அந்த வேறொருவன் தன்னிடம் கூலி வாங்கும் காவலன் என்று தெரிந்த பிறகே கிளிஃபோர்ட் கொதிக்கிறான். உலகமே புரண்டுவிட்டது என்று துடிக்கிறான். மனைவி பிறனோடு சேர்வது பொறுக்கத்தக்கது, கீழிருப்பவனோடு சேர்வது பொறுக்கத்தகாதது. இந்நாவலின் நெருப்பு எரிவது இவ்விடத்தில். பிறப்பைக் காட்டிப் படிக்கட்டு கட்டிய எந்த நாட்டானுக்கும் இந்தக் கொதிப்பு புரியும், விளக்கவுரை வேண்டாம்.

லாரன்ஸ் இதைக் கற்பனையில் கண்டு எழுதவில்லை. 1885ஆம் ஆண்டில் நாட்டிங்காம்ஷயரின் ஈஸ்ட்வுட் என்னும் சுரங்க ஊரில் பிறந்தவர் அவர். தந்தை நிலக்கரி வெட்டியவர். தாய் ஆசிரியையாக இருந்தவர். வீட்டுக்குள்ளேயே இரண்டு பேச்சு. தந்தையின் சுரங்கப் பேச்சு, தாயின் பள்ளிப் பேச்சு. 1912ஆம் ஆண்டில் தம் பேராசிரியரின் மனைவியான ஃபிரீடாவுடன் நாட்டை விட்டே சென்றார். 1926ஆம் ஆண்டில் கடைசி முறையாகச் சொந்த ஊரைப் பார்க்க வந்தபோது, பொது வேலைநிறுத்தம் முறிந்து, சுரங்கத் தொழிலாளர் மட்டும் மாதக்கணக்கில் பட்டினியோடு போராடிக் கொண்டிருந்தனர். அதைக் கண்டு சென்ற பிறகு இத்தாலியில் உட்கார்ந்து இந்நாவலை ஒருமுறை அல்ல, மும்முறை எழுதினார். முதல் வடிவத்தில் அந்தக் காவலன் எஃகு ஆலைக்குப் போய்ப் பொதுவுடைமைக் குழுவில் சேருகிறான் என்பது, இதைப் படுக்கையறைக் கதை என்று மட்டும் நினைப்பவர் அறிய வேண்டிய செய்தி.

லாரன்சை வானளாவப் புகழவும் நான் முன்வரவில்லை. மக்களாட்சியில் அவருக்கு நம்பிக்கை குறைவு. பெண்ணின் விடுதலையைப் பேசத் தொடங்கி, ஆணின் தலைமைக்கு அவளைக் கொண்டுபோய் ஒப்படைக்கும் பக்கங்கள் அவர் எழுத்தில் பல உண்டு. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் கேட் மில்லெட் அதை எடுத்து வெளுத்தார். அந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதிக்கு இன்னும் பதில் இல்லை. எனினும், தவறாக எழுதியவரோடு வாதிடலாம். எரிக்கப்பட்ட ஏட்டோடு எவரும் வாதிட முடியாது. 1915ஆம் ஆண்டில் அவருடைய 'வானவில்' நாவலின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை அழிக்க இலண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1929ஆம் ஆண்டில் அவர் தீட்டிய ஓவியங்கள் பதின்மூன்றைக் காவலர் கண்காட்சியிலிருந்து எடுத்துச் சென்றனர். மறு ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் பிரான்சில் அவர் இறந்தார்.

இனி ஓல்டு பெய்லிக்குத் திரும்புவோம். 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதிய கதவைத் திறந்திருந்தது. இலக்கியத் தகுதியும் பொதுநன்மையும் உண்டு என்று அறிஞர் சான்று கூறினால் நூல் பிழைக்கலாம். எதிர்த் தரப்பு முப்பத்தைந்து சான்றாளரை நிறுத்தியது. நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் வந்தார், வூல்விச் பிஷப் வந்தார், லீட்ஸ் நகரின் ஏழைத் தெருவில் வளர்ந்த விரிவுரையாளர் ரிச்சர்டு ஹாகர்ட் வந்தார். இந்நூல் தூய்மை நாடும் நூல் என்று ஹாகர்ட் சொன்னதைக் கேட்டு வழக்கறிஞர் எகத்தாளம் பேசினார், ஹாகர்ட் அசையவில்லை. வேலைக்காரர் படிக்கலாமா என்று கேட்டவருக்கு, வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையே எழுந்து நின்று விடை சொன்னது போலிருந்தது அந்தக் காட்சி.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதி பைர்னின் மேசையிலிருந்த படியில் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி, கோடிட்டு, எது எங்கே என்று அட்டவணை போட்டுக் கொடுத்தது யார்? அவருடைய மனைவி! மனைவி படிக்கலாமா என்று வழக்கறிஞர் முழங்கிய மன்றத்தில், நீதிபதியின் மனைவி முன்னமே படித்து முடித்திருந்தார். அந்தப் படி இன்று பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மக்கள் பணம் திரட்டி அதை நாட்டை விட்டுப் போகாமல் தடுத்தனர்.

நவம்பர் 2ஆம் நாள் ஜூரிகள் மூன்று மணி நேரம் கலந்து பேசிக் குற்றமில்லை என்றனர். நவம்பர் 10ஆம் நாள் நூல் விற்பனைக்கு வந்தது. அச்சிட்ட இரண்டு இலட்சம் படிகளும் அன்றே தீர்ந்தன.

அந்தத் தீர்ப்பின் காற்று இந்தியாவுக்கு வரவில்லை. பம்பாயில் ஒரு புத்தகக் கடையில் இதே நூலை விற்றதற்காக இரஞ்சித் உதேஷி மீது வழக்கு. 1964ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தண்டம் இருபது ரூபாய்தான். ஆனால் அத்தீர்ப்பு 1868ஆம் ஆண்டின் அந்த அளவுகோலை, விடுதலை பெற்ற நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றிவிட்டது. ஆங்கிலேயன் வீசி எறிந்த கோலை நாம் எடுத்துத் தோளில் வைத்துக் கொண்டோம். அதை இறக்கி வைக்க 2014ஆம் ஆண்டு அவீக் சர்க்கார் வழக்குவரை பொறுத்திருக்க வேண்டி வந்தது.

நூல் விடுதலை பெற்றது. திரை? அங்கேயும் ஒரு முன்கதை உண்டு. 1955ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் மார்க் அலெக்ரே இந்நாவலைப் படமாக்கினார். நியூயார்க் அதிகாரிகள் உரிமம் மறுத்தனர். படத்தில் உடல் காட்டப்பட்டது என்பதற்காக அல்ல. கணவனை விட்டு வேறொருவனை நாடுவது சில வேளைகளில் சரியாக இருக்கலாம் என்ற கருத்தை அது பரப்புகிறதாம்! 1959ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தத் தடையை உடைத்தது. கருத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்றது. மறைத்து வைத்திருந்த உண்மையை நியூயார்க் அதிகாரிகள் வாய் தவறி உளறிவிட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். அஞ்சியது சதைக்கு அல்ல, கருத்துக்கு.

இனித் தொலைக்காட்சி. புத்தகமாவது வாங்குகிறவன் கைக்குப் போகிறது. திரைப்படமாவது சீட்டு வாங்கி உள்ளே போகிறவன் கண்ணுக்குப் படுகிறது. தொலைக்காட்சியோ நடுக்கூடத்தில் நிற்கிறது. தலைவன், மனைவி, பிள்ளை, வேலைக்காரர் அனைவர் முன்னும் ஒரே நேரத்தில் விரிகிறது. யார் கையில் விழும் என்ற கேள்விக்கு, எல்லார் கையிலும் என்று விடை சொல்லும் பொறி அது! ஆகவேதான் பிரிட்டனில் வயது வந்தோருக்கான காட்சிகளை இரவு ஒன்பது மணிக்குப் பிறகே காட்டுவது என்ற ஏற்பாடு வந்தது. ஓல்டு பெய்லியில் இந்நூல் எந்தச் சட்டத்தின்கீழ் நின்றதோ, அதே சட்டத்தை 1990ஆம் ஆண்டில் ஒலி, ஒளிபரப்புக்கும் நீட்டினார்கள்.

பி.பி.சி. படிப்படியாகத்தான் லாரன்சை வீட்டுக்குள் அழைத்து வந்தது. 1981ஆம் ஆண்டில் 'மைந்தரும் காதலரும்' தொடராக வந்தது; எழுதியவர் இடதுசாரி நாடகாசிரியர் டிரெவர் கிரிஃபித்ஸ். அதில் சுரங்கம் சுரங்கமாகவே இருந்ததில் வியப்பில்லை. 1988ஆம் ஆண்டில் 'வானவில்' வந்தது. அழிக்க உத்தரவு பெற்ற நூல் எழுபத்து மூன்று ஆண்டுகளில் அந்த நாட்டின் பொது ஒளிபரப்பிலேயே ஏறியது. உத்தரவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாற்காலியில் சாய்ந்து பார்த்தார்கள். 1993ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாட்டர்லி சீமாட்டியே வந்தாள். நான்கு பகுதிகள். இயக்கியவர் கென் ரஸ்ஸல். 1969ஆம் ஆண்டில் 'காதலில் பெண்கள்' நாவலைத் திரைப்படமாக்கிப் பெயர் பெற்றவர். கானியாக ஜோலி ரிச்சர்ட்சன், மெல்லர்ஸாக ஷான் பீன்.

நாவலைத் திரைக்கு மாற்றுவதில் ஒரு பெருந்தொல்லை இருக்கிறது. லாரன்ஸ் பாதி கதை சொல்வார், பாதி வாதிடுவார். மனிதர் உள்ளத்தில் எழுவதைப் பக்கக்கணக்கில் எழுதுவார். ஒளிப்படக் கருவிக்கு உள்ளம் தெரியாது. முகம் தெரியும், கை தெரியும், காடு தெரியும். ஆகவே வாதம் உதிர்கிறது, உடல் நிற்கிறது. எதற்காக நூல் கூண்டேறியதோ அது பளிச்சென்று தெரிகிறது. நூல் எதற்காக எழுதப்பட்டதோ அது மங்கிப் போகிறது. இதைத் திரையாளரின் சதி என்று நான் சொல்லவில்லை. கருவியின் இயல்பு பாதி, அஞ்சாமல் துணிந்தோம் என்று காட்டிக் கொள்ளும் ஆசை பாதி.

ஆனால், அதே கருவி நூலுக்குக் கொடுக்கக்கூடியவையும் உண்டு. ஒன்று, பேச்சு. மெல்லர்ஸுக்கு இரண்டு மொழி. வேண்டுமானால் சீமான்கள் பேசும் ஆங்கிலம் பேசுவான். வேண்டாமென்றால் டெர்பிஷயர் கொச்சையில் இறங்கிவிடுவான். எஜமானை எட்ட நிறுத்தவும் அந்தக் கொச்சைதான். காதலியை அருகழைக்கவும் அந்தக் கொச்சைதான். அச்சில் அது எழுத்துப் பிழை போலத் தெரியும். செவியில் விழும்போதுதான் அது ஆயுதம் என்று தெரிகிறது. ஷான் பீன் ஷெஃபீல்டு நகரத்துப் பிள்ளை. வடபுலத்து நாவு அவருக்குப் பிறவிச் சொத்து. இன்னொன்று, சக்கர நாற்காலிக் காட்சி. விசையில் ஓடும் தன் நாற்காலியில் கிளிஃபோர்ட் காட்டுக்குள் போகிறான். ஆளப் பிறந்தவர் ஆள்வர், உழைக்கப் பிறந்தவர் உழைப்பர் என்ற பாணியில் மனைவியோடு வாதிட்டுக் கொண்டே போகிறான். மேட்டில் பொறி நின்றுவிடுகிறது. பூக்கள் நசுங்குகின்றன. கடைசியில் நோயால் நெஞ்சு தளர்ந்த காவலன் அதை மூச்சிரைக்கத் தள்ளுகிறான். பொறுக்காமல் சீமாட்டியும் கைகொடுத்துத் தள்ளுகிறாள். நாற்காலியில் இருப்பவன் வாதத்தில் வென்றுகொண்டே இருக்கிறான்! ஒரு நாட்டின் வகுப்பு அமைப்பை ஒரு மேட்டில் ஏற்றிக் காட்டிவிட்ட இந்த இடத்துக்கு, வசனமே வேண்டாம்.

2006ஆம் ஆண்டில் பி.பி.சி. அந்த வழக்கையே நாடகமாக்கியது. ஆண்ட்ரூ டேவிஸ் எழுதிய அக்கதையில், ஜூரிகளாக வந்த ஓர் ஆணும் பெண்ணும் அந்நூலைப் படித்துக் காதல் கொள்கிறார்கள். நீதிமன்றப் பேச்சுகள் உண்மைக் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. வழக்கறிஞர் அஞ்சியதை நகைச்சுவையாக்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தார் டேவிஸ். 2011ஆம் ஆண்டில் 'காதலில் பெண்கள்' இரு பகுதிகளாக வந்தது. ஆல்ப்ஸ் பனிமலையில் முடிய வேண்டிய கதை தென்னாப்பிரிக்க மணல்வெளியில் முடிந்தது. பனியில் உறைந்து சாக வேண்டிய சுரங்க முதலாளி மணலில் சாவதில் என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் மீண்டும் சாட்டர்லி. இம்முறை ஒன்றரை மணி நேரப் படம், ஜெட் மெர்குரியோ எழுதியது. 1960ஆம் ஆண்டில் எண்ணி எண்ணிக் கணக்குக் கொடுக்கப்பட்ட அந்தச் சொற்கள் பெரும்பாலும் இதில் இல்லை. அதிர்ச்சி தரும் ஆற்றல் அவற்றுக்குப் போய்விட்டது. தெருவுக்குத் தெரு கேட்கிறது. மெர்குரியோ வேறு பக்கம் திரும்பினார். முடமான கணவனையும் மனிதனாகக் காட்டினார். மூவருக்கும் இடையே நிற்கும் வகுப்புச் சுவரை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஏடுகளில் பலர், சூடு இல்லை, துணிவு இல்லை என்று குறைபட்டனர். எனக்கு அந்தக் குறை பெரிதாகத் தோன்றவில்லை. சூடு எதில் இருந்தது என்று தெரிந்து எடுத்த படம் அது. தொண்ணூறு நிமிடத்தில் அடக்க முயன்றதால் மூச்சு முட்டிற்று என்பதே உண்மைக் குறை.

முடிவைப் பற்றி ஒரு சொல். 1993ஆம் ஆண்டுத் தொடரில், காதலர் இருவரும் கனடா செல்லும் கப்பலில் ஒன்று சேர்கின்றனர். பார்த்தவர் மனம் குளிர்ந்திருக்கும். நாவலில் கப்பல் இல்லை, சேர்க்கையும் இல்லை. மணவிலக்குக் கிடைக்குமா என்று தெரியாமல் இருவரும் வெவ்வேறு ஊரில் காத்திருக்கிறார்கள். கிடைப்பது ஒரு கடிதம். மெல்லர்ஸ் ஒரு பண்ணையில் கூலிக்கு இருக்கிறான். அப்பண்ணை ஒரு சுரங்கக் கம்பெனிக்குச் சொந்தம். விளைவதோ பூமிக்கடியில் கரிவண்டி இழுக்கும் குதிரைகளுக்கான தீனி. அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் வாரம் இரண்டு நாள், இரண்டரை நாள்தான் வேலை இருக்கிறது என்று எழுதுகிறான். ஆட்கள் சோர்ந்து கிடக்கிறார்கள், பணத்தைத் தவிர வேறு எதையும் எண்ண அவர்களுக்கு வழி வைக்கவில்லை என்று எழுதுகிறான். அதன் பிறகுதான் கானியைப் பற்றி, காதலைப் பற்றி, வரப்போகும் குழந்தையைப் பற்றி எழுதுகிறான்.